இந்த வார நைட் அவுட்: நள்ளிரவுக்குப் பிறகுதான் வள்ளி பேசுவாள்!

`நைட் அவுட் போலாமா?' என்று யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் கொளுத்திப் போட்டால் போதும். செகண்ட் ஷோ சினிமா, பைபாஸ் பரோட்டாக் கடை, விடியற்காலை டீ என்று எல்லா ஊர் குரூப்பிலும் ஏறக்குறைய ஒரே லிஸ்ட்தான் வந்து விழும். கொஞ்சம் காசு சேர்ந்திருந்தால் மைதானத்தில் நடக்கும் மியூசிக் கான்சர்ட். அதற்கு டிக்கெட் கிடைத்தால் பார்க்கிங் கிடைக்காது. பார்க்கிங் கிடைத்தால் மேடை கண்ணுக்குத் தெரியாது.

அந்த லிஸ்ட்டில் வராத ஷோ ஒன்று இருக்கிறது. இரவு பத்து மணிவாக்கில் ஆரம்பித்தால் விடிகிற நேரத்தில்தான் முடியும். பாட்டு, நடிப்பு, காமெடி, டான்ஸ், பட்டிமன்றத்தையே தூக்கிச் சாப்பிடும் வாக்குவாதம் என எல்லாமே லைவ். டிக்கெட் கிடையாது. பாயை விரித்து உட்கார வேண்டியதுதான்.

அதுதான் ஸ்பெஷல் நாடகம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்து வாசகர்களிடம் இதை அறிமுகப்படுத்தினால் சிரிப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு சின்ன க்ளூ. 2014-ல் வசந்தபாலன் இயக்கத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வந்த `காவியத் தலைவன்' படம் நினைவிருக்கிறதா? சித்தார்த்தும் பிருத்விராஜும் நாடகக் கம்பெனியில் வளர்வார்களே, அந்த உலகத்தின் வாரிசுதான் இது. கம்பெனிகள் போய்விட்டன. நாடகம் மட்டும் கோயில் திருவிழாக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வார நைட் அவுட், அப்படி ஒரு நாடகத்துக்குப் போய்வந்த நான்கு தோழிகளுடையது. மதுரையில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், இன்னொருவர் நர்ஸ், மூன்றாமவர் சென்னையில் ஐ.டி கம்பெனியில் இருக்கிறார். நான்காமவரின் சொந்த ஊரில்தான் திருவிழா. பெயர் வேண்டாம் என்பது நால்வரும் வைத்த ஒரே நிபந்தனை. காரணத்தைக் கேட்டால், ``பொண்ணுங்க ராத்திரி பூரா வெளிய இருந்தாங்கனு எழுதினா, எங்க தெருவுல அதுதான் தலைப்பு. நாடகம் தலைப்பா இருக்காது'' என்கிறார்கள்.

விசா கொடுத்த அப்பத்தா

முதல் தடை வீட்டில்தான். வங்கித் தோழியின் அப்பா, ``என்ன நாடகம்?'' என்று கேட்கவில்லை. ``யார் கூட? எத்தன மணிக்கு வருவ?'' என்றுதான் கேட்டார். `விடியக்காலைல' என்ற பதிலுக்கு எந்த வீட்டில் என்ன எதிரொலி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில், ஊர்க்காரத் தோழியின் அப்பத்தா போனை வாங்கிப் பேசினார். ``நான் கூட இருக்கேன்யா. எங்க கூடப் பாயில உக்காரப் போகுதுக. புள்ளைகள அனுப்பு'' என்ற ஒரே வரியில் நான்கு வீட்டிலும் அனுமதி கிடைத்துவிட்டது. தென் மாவட்டங்களில் அப்பத்தா என்பவர் நடமாடும் விசா அலுவலகம்!

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவரில் ஒட்டியிருந்த நாடக நோட்டீஸ். `வள்ளி திருமணம்' என்று பெரிய எழுத்து, கீழே வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஓர் ஊர்ப் பெயர். ஒருவருக்கு மதுரை, ஒருவருக்குப் புதுக்கோட்டை, இன்னொருவருக்குக் காரைக்குடி, அடுத்தவருக்குத் திண்டுக்கல்.

``ஒரே ட்ரூப்ல இத்தன ஊர்க்காரங்களா?'' என்றார் சென்னைத் தோழி.

``ட்ரூப்பே கிடையாதுடி'' என்றார் ஊர்க்காரத் தோழி.

அங்கேதான் இந்த நாடகத்தின் `ஸ்பெஷல்' இருக்கிறது. கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கி, ஒன்றாகத் தங்கி, ஒன்றாக ஒத்திகை பார்ப்பார்கள். இங்கே ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியாக, அந்த ஓர் இரவுக்காக மட்டும் `புக்' செய்யப்படுகிறார். நேற்று அவர்கள் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு ஆட்களோடு நடித்திருப்பார்கள். நாளையும் அப்படித்தான். முருகனும் வள்ளியும் அன்று மாலை மேடைக்குப் பின்னால்தான் சந்தித்துக்கொள்வார்கள். சில நேரம் அதுதான் அவர்களின் முதல் சந்திப்பாகவும் இருக்கும். ஒத்திகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எட்டு மணி நேர ஷோ... ஒத்திகை ஜீரோ!

ஒத்திகையே இல்லாமல் எப்படி இரவு முழுக்க ஓட்டுகிறார்கள்? அதற்குக் காரணமானவர் சங்கரதாஸ் சுவாமிகள். நடிகர் சங்கத்தின் 2019 தேர்தலில் `சுவாமி சங்கரதாஸ் அணி' என்று ஓர் அணி நின்றதே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். 1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். `வள்ளி திருமணம்', `பவளக்கொடி', `சத்தியவான் சாவித்திரி', `கோவலன்' என்று அவர் எழுதிய நாடகங்கள்தான் இன்றும் இந்த மேடைகளின் பாடப்புத்தகம். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ் சகோதரர்கள் அங்கே அவரிடம் பயின்றவர்கள். சிறுவனாக இருந்த டி.கே.சண்முகத்துக்காக, `அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார்.

அவர் கட்டிவைத்த பாட்டும் வசனமும் எல்லாக் கலைஞர்களுக்கும் மனப்பாடம். எந்தப் பாட்டுக்குப் பிறகு யார் வருவார் என்பது தெரியும். நடுவில் எவ்வளவு பேசலாம், எங்கே மடக்கலாம், எதிரில் இருப்பவர் மடக்கினால் எப்படித் தப்பிக்கலாம் என்பதெல்லாம் அன்றைய இரவின் கைச்சரக்கு. கிரிக்கெட்டில் விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆட்டம் ஒவ்வொரு நாளும் வேறு. அந்த மாதிரிதான் இதுவும்.

இரவு பத்து மணி. ஊர்ப் பொட்டலில் பந்தல். பின்னால் வரைந்த சீன் படுதா. மேடையின் ஓரத்தில் வாத்தியக்காரர்கள். காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் என்பதால், பெட்டிக்காரரின் இரண்டு கைகளும் கட்டைகளின் மேல் ஓடுகின்றன. பக்கத்தில் மிருதங்கம். இன்னொருவரைச் சுற்றிலும் டிரம், ஜால்ரா, இன்னும் பெயர் தெரியாத சாமான்கள். அவர்தான் `ஆல்ரவுண்ட்'. பபூன் வழுக்கி விழுந்தால் `டமார்', வள்ளி கண்ணைச் சிமிட்டினால் `டிங்' என்று அத்தனை சவுண்ட் எஃபெக்ட்டுக்கும் ஒரே ஆள்!

நடுவில் ஒரு பாதை. ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள். தோழிகள் நால்வரும் அப்பத்தாவின் பாயில் இடம்பிடித்தார்கள். சுற்றிலும் குழந்தைகள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டி, முறுக்குப் பொட்டலத்தை யார் என்றே கேட்காமல் நர்ஸ் தோழியின் மடியில் வைத்துவிட்டு மேடையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

`கட்டை' கணக்கு

கான்சர்ட் பார்த்துப் பழகிய சென்னைத் தோழியை முதலில் உலுக்கியது சத்தம்தான். ஸ்பீக்கர் சத்தமல்ல, குரல். பாடகர்கள் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் நிற்கிறார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

மைக் வருவதற்கு முந்தைய காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்காத பாட்டு, பாடாத பாட்டு. அதனால் உயர்ந்த சுருதியில் பாடுகிறவரே நட்சத்திரம். நம்மூரில் சுருதியைக் `கட்டை' என்று எண்ணுவார்கள். மேற்கத்திய `சி' என்றால் ஒரு கட்டை, `ஜி' என்றால் ஐந்து கட்டை. எஸ்.ஜி.கிட்டப்பா அந்தக் காலத்து உச்சஸ்தாயிக்குப் பெயர்போனவர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, கிட்டப்பா பாடினால் கொட்டகைக்கு வெளியிலும் கூட்டம் நிற்குமாம்.

1926-ல் இலங்கையில் அவரோடு ஜோடி சேர்ந்து மேடையேறியவர் கே.பி.சுந்தராம்பாள். `திருவிளையாடல்' ஔவையாராக நம் வீடுகளில் இன்றும் ஒலிக்கிற அதே குரல். மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அன்று வெள்ளைப் புடவைக்கு மாறிய சுந்தராம்பாள், கடைசிவரை அதை மாற்றவில்லை.

இன்றைக்கு மைக் வந்துவிட்டது. ஆனாலும் உயரமாகப் பாடும் பழக்கம் போகவில்லை. இதில் பெட்டிக்காரருக்குத்தான் பெரிய சோதனை. ராஜபார்ட்டுக்கு ஒரு சுருதி, ஸ்திரீபார்ட்டுக்கு வேறு சுருதி. இருவரும் மாறி மாறிப் பாடும்போது கண் இமைக்கும் நேரத்தில் அவர் கை இடம் மாற வேண்டும். யாராவது வரியை மறந்தால், அந்த வரியைத் தானே பாடிக் கைகொடுப்பதும் அவர்தான். ஒத்திகை இல்லாத மேடைக்கு உண்மையான இயக்குநர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பன்னிரண்டரை மணி சோதனை

நாடகம் கதையோடு ஆரம்பிக்காது. முதலில் பபூன் வருவார். தனியாளாகப் பாடி, பேசி, ஊரைக் கலாய்த்துக் கூட்டத்தைக் கையில் எடுப்பார். பிறகு டான்ஸ் வருவார். இருவருக்கும் நடக்கும் பேச்சில் இரட்டை அர்த்தம் தாராளம். சினிமா மெட்டுகளும் தாராளம். ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் கிளம்புகிறது. பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பு.

அப்போது முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு போன்கள் மேலே எழுந்தன. சென்னைத் தோழியும் போனை எடுத்தார். அப்பத்தா அவரைப் பார்க்கக்கூட இல்லை. மேடையைப் பார்த்தபடியே, ``அந்தப் புள்ளைக்கும் வீட்டுல ஒரு மக இருக்கும்ல?'' என்றார். போன் பைக்குள் போய்விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேர நாடகத்தில் இணையத்தில் அதிகம் சுற்றுவது இந்த ஒரு மணி நேரத்தின் துண்டுகள்தான். அதுவும் வசனம் இல்லாமல், சூழல் இல்லாமல், டான்ஸ் ஆடும் பெண்ணின் முகத்தோடு. அங்கே சிரித்த அதே ஆட்கள், மறுநாள் அதே பெண்ணுக்கு வாடகை வீடு கொடுக்க யோசிப்பார்கள். நாடகக்காரி என்ற சொல் தமிழில் பல தலைமுறைகளாக வசவாகப் புழங்கிவருகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல நடிகைகள் அம்மாவையோ அக்காவையோ துணைக்கு அழைத்துக்கொண்டே ஊர் ஊராகப் போகிறார்கள்.

நூறு வருடங்களுக்கு முன்பே பெண்களை மட்டும் வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர் கும்பகோணம் பாலாமணி அம்மாள். அவருடைய நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயிலே விட்டார்கள் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரயில் விட்ட ஊர், அந்தப் பெண்களைப் பற்றிப் பேசுவதையும் விடவில்லை!

பன்னிரண்டரை மணி. பபூனும் டான்ஸும் உள்ளே போனார்கள். ஆண்கள் பக்கத்தில் கூட்டம் எழுந்தது. பைக்குகள் ஸ்டார்ட் ஆகும் சத்தம் வரிசையாகக் கேட்டது. பத்து நிமிடத்தில் பாதிப் பொட்டல் காலி. `ஷோ முடிஞ்சிருச்சா?' என்று சென்னைத் தோழி கேட்க, அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: ``இனிமேத்தான்டி நாடகமே. போறவுக பூரா வேடிக்க பாக்க வந்தவுக.''

வள்ளி பேச ஆரம்பித்தாள்

முருகன் வந்து பாடிவிட்டுப் போனார். பிறகு தினைப்புனத்தில் வள்ளி. கந்தபுராணத்தின் கடைசிப் படலம் வள்ளியம்மை திருமணம். அதைத்தான் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கினார். நம்பிராஜனின் மகள், பரண் மேல் நின்று பறவைகளை விரட்டித் தினைக் கதிரைக் காவல் காக்கிறாள். `ஆலோலம்' என்று அவள் குரல் எழும்பியபோது, பெண்கள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பாட்டிகள் அலாரம் வைத்தது போல எழுந்து உட்கார்ந்தார்கள்.

மணி இரண்டை நெருங்கியபோது நாரதர் வந்தார். தர்க்கம் ஆரம்பமானது.

கதைப்படி நாரதரின் வேலை எளிது. வள்ளியைப் பார்த்து, அவளைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கும் வழியைப் பார்க்க வேண்டும். மேடையில் அது எளிதாக முடிவதில்லை. நாரதர் வேடம் போடுகிறவர் திருக்குறளில் ஆரம்பித்தால், வள்ளி திருப்புகழில் பதில் சொல்வார். அவர் புராணத்தில் கேள்வி கேட்டால், இவர் இலக்கணத்தில் மடக்குவார். யார் எதில் கேட்பார் என்று இருவருக்குமே தெரியாது. படித்திருந்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் ஊர் முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைய நாரதர், வயசுப் பெண் தனியாகக் காட்டில் நிற்கலாமா என்று ஆரம்பித்தார். காவல் காக்கத் தெரியும் என்றுதானே அப்பா அனுப்பினார் என்றாள் வள்ளி. பெண்ணுக்குத் துணை வேண்டாமா என்றார் நாரதர். காட்டில் புலிக்கு பயந்து துணை தேடச் சொல்கிறீர்களா, ஆம்பளைக்கு பயந்தா என்று கேட்டாள். பெண்கள் பக்கம் `ஓ'வென்று சிரித்தது. ஊர் என்ன பேசும் என்று அவர் கடைசி அஸ்திரத்தை விட்டார். ஊரெல்லாம் உறங்குகிற நேரத்தில் முழித்திருந்து ஊர்த் தினையைக் காக்கிறவளைப் பற்றி, உறங்குகிற ஊர் என்ன பேசும் என்று வள்ளி திருப்பிக் கேட்டபோது மணி இரண்டரை.

வங்கித் தோழி கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். மாலையில் அவருடைய அப்பா போனில் கேட்ட கேள்விகள்தான் அந்த மேடையில் ஓடிக்கொண்டிருந்தன. `யார் கூட? எத்தன மணிக்கு? ஊர் என்ன பேசும்?' பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், அதே கேள்விகளைத் தன் வாழ்க்கையில் ஒவ்வொரு சீசனிலும் எதிர்கொள்கிற பெண். ராத்திரி முழுக்க ஊரார் முன்னால் நின்று பேசுவதுதான் அவருடைய பிழைப்பே.

இந்த மேடைகளில் `அன்பளிப்பு' என்று ஒரு வழக்கம் உண்டு. பிடித்த கலைஞருக்குப் பணம் கொடுத்தால், கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி நன்றி சொல்வார்கள். தோழிகள் நால்வரும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு இருநூறு ரூபாய் சேர்த்து, ஒரு சிறுவனிடம் கொடுத்தனுப்பினார்கள். பெயர் கேட்டு அவன் திரும்பி வந்தான். `தோழிகள்னு மட்டும் சொல்லு' என்றார்கள். ``வள்ளியின் தர்க்கத்தைப் பாராட்டி, தோழிகள் அன்பளிப்பு ரூபாய் இருநூறு!'' என்று மைக் முழங்கியது. யார் அந்தத் தோழிகள் என்று ஆண்கள் பக்கத்தில் மிச்சமிருந்த தலைகள் எல்லாம் திரும்பின. அப்பத்தா முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

விடியும் நேரத்துக் கல்யாணம்

நாரதர் போன பிறகு முருகன் வேடனாக வந்தார். மறுபடியும் ஒரு தர்க்கம், நடுநடுவே பாட்டு. அடுத்து விருத்தர். பல்லில்லாத கிழவராக வந்து தேனும் தினைமாவும் கேட்டு, விக்கி, தண்ணீர் கேட்டு அவர் செய்த ரகளையில், நான்கு மணித் தூக்கம் பறந்துபோனது. எதற்கும் வள்ளி மசியவில்லை. கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்ட, வள்ளி பயந்து கிழவரிடமே ஓட, கிழவர் முருகனாக மாறினார்.

``யானைய விட்டு பயமுறுத்தி ஓகே வாங்குறது சீட்டிங் இல்லையா அப்பத்தா?'' என்றார் நர்ஸ் தோழி.

``சீட்டிங்தான். அதுக்குத்தான விடிய விடிய அந்தாளக் கேள்வி கேட்டா'' என்றார் அப்பத்தா. ``கும்புடுற சாமியா இருந்தாலும் நாலு கேள்வி கேட்டுத்தான் கழுத்த நீட்டணும்.''

கிழக்கு வெளுத்தபோது மேடையில் மாலை மாறியது. ஊர்ப் பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். கைக்குழந்தைகளை மேடைக்குக் கொண்டுபோய், அந்த வள்ளியிடமும் முருகனிடமும் கொடுத்து ஆசி வாங்கினார்கள். இரவெல்லாம் நாடகக்காரியாக இருந்தவர், அந்தப் பத்து நிமிடம் ஊருக்கே தெய்வம். அதற்கப்புறம் மங்களம் பாடி, படுதாவை அவிழ்த்து, பெட்டியை மூடிவிட்டார்கள்.

ஆறு மணிக்கு முதல் பஸ். நிறுத்தத்தில் தோழிகளோடு நின்றிருந்தவர்களில், நூல் புடவையில் ஒரு பெண். முகத்தைக் கழுவியிருந்தார். கண்ணோரத்தில் மட்டும் மை மிச்சமிருந்தது. பக்கத்தில் பெட்டியோடு அவருடைய அக்கா. வங்கித் தோழி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய், ``அக்கா, நாங்க கடைசி வரைக்கும் பாத்தோம்'' என்றார்.

``தெரியுமே... இருநூறு ரூபா தோழிகதானே?'' என்று சிரித்தார் அவர். ``பன்னண்டரைக்கு மேல எத்தன பேரு உக்காந்திருக்காகனு மேடைல நின்னு எண்ணிருவோம். ஆளு இருந்தாத்தான் தர்க்கம் நீளும். இல்லாட்டி நாரதரு அரை மணி நேரத்துல போயிருவாரு. நேத்து நீங்க இருந்தீங்க, நானும் பேசுனேன்.''

அன்று இரவு அவருக்கு வேறொரு ஊரில் `பவளக்கொடி'. பஸ்ஸில் ஏறியதும் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். சென்னைத் தோழியின் போனில், டான்ஸ் ஆரம்பித்த சமயத்தில் எடுத்த நாற்பது விநாடி வீடியோ ஒன்று இருந்தது. மதுரை வந்து சேரும் முன் அதை அழித்துவிட்டார்.

நீங்களும் போகலாமே!

கோயில் திருவிழாக்கள் நிறைந்த பங்குனி முதல் ஆடி வரைதான் இந்தக் கலைஞர்களுக்கு முக்கிய சீசன். வருடத்தின் பெரும்பகுதி வருமானம் இந்த மாதங்களில்தான். 2020-ல் ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில், அதாவது சரியாக சீசன் தொடங்கும் நேரத்தில். அடுத்த வருடமும் கோடையில் ஊரடங்கு. அடுத்தடுத்து இரண்டு சீசன்கள் கையை விட்டுப் போனவர்கள் இவர்கள். இப்போது பல ஊர்களில் நாடகத்துக்குப் பதிலாக `ஆடல் பாடல்' வைத்துவிடுகிறார்கள். நாடகம் வைக்கும் ஊர்களிலும், உட்கார ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதனால், இந்த சீசனில் உங்கள் குரூப் கிளம்புகிறதென்றால் சில டிப்ஸ்:

* சொந்த ஊர், தோழியின் ஊர், மாமியார் ஊர் என எங்கே திருவிழா என்று விசாரியுங்கள். நோட்டீஸில் `வள்ளி திருமணம்' என்றிருந்தால், முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

* பாய், போர்வை, தண்ணீர் பாட்டில் கட்டாயம். கோடையிலும் மூன்று மணிக்கு மேல் பொட்டலில் குளிரும்.

* ஒரு அப்பத்தாவையோ அம்மாச்சியையோ கூட்டிப்போங்கள். கதை சொல்லவும் ஆள் ஆச்சு, வீட்டில் அனுமதி வாங்கவும் ஆள் ஆச்சு!

* போனில் படம் எடுக்க ஆசைப்பட்டால், பெட்டிக்காரரையும் தர்க்கத்தையும் எடுங்கள். எதையும் இணையத்தில் போடும் முன் சம்பந்தப்பட்ட கலைஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விடிந்ததும் பஸ் நிறுத்தத்தில்தான் நிற்பார்.

* பிடித்திருந்தால் அன்பளிப்பு கொடுங்கள். ஐம்பது ரூபாயாக இருந்தாலும் மைக்கில் சொல்வார்கள்.

* பபூனும் டான்ஸும் உள்ளே போனதும் பைக்குகள் கிளம்பும். நீங்கள் பாயைச் சுருட்ட வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். வள்ளி இனிமேல்தான் வருவாள்.